கிரகண இரவில் மேகம் வந்தால்: காத்திருப்பதா, கிளம்பிப் போவதா?

சந்திர கிரகணம் பார்க்கத் தொலைநோக்கி தேவையில்லை, பாதுகாப்புக் கண்ணாடியும் தேவையில்லை. நிலா இருக்கும் திசையில் மேகமில்லாத ஒரு துண்டு வானம் கிடைத்தால் போதும். அந்த ஒரு துண்டுதான் பெரும்பாடு. செயற்கைக்கோள் அளவீடுகளின்படி, எந்த நேரத்தை எடுத்துக்கொண்டாலும் பூமியின் பரப்பில் ஏறக்குறைய 67 சதவீதத்தை மேகம் மூடியிருக்கிறது. கடலை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் கணக்கெடுத்தால் 55 சதவீதம். அதனால் கிரகணத் தேதி நெருங்க நெருங்க வானிலைச் செயலியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பவர்களின் தவிப்பு எனக்கு நன்றாகவே புரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செய்யக்கூடியவை சில உண்டு. இருக்கும் இடத்திலேயே மொட்டை மாடியில் காத்திருக்கலாம். அன்று மாலை வண்டியை எடுத்துக்கொண்டு மேகம் இல்லாத பக்கமாகப் போகலாம். பக்கத்தில் மலை இருந்தால் ஏறலாம். பல மாதம் முன்பே திட்டமிட்டு வறண்ட வானம் உள்ள நாட்டுக்குப் பயணப்படலாம். எதுவும் சரிவராவிட்டால் நேரலையில் பார்க்கலாம், அல்லது அடுத்த கிரகணத்துக்கு விட்டுவிடலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சந்திர கிரகணங்களுக்கு இருக்கும் இடத்தில் காத்திருப்பதே நல்ல முடிவு. கிளம்பியே ஆக வேண்டிய இரவுகளும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது செயலி சொல்லும் மேகச் சதவீதம் இல்லை. வரப்போகும் மேகம் எந்த வகை, முழு கிரகணம் எத்தனை நிமிடம், அந்த நேரத்தில் நிலா எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்ற மூன்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சூரிய கிரகணத்துக்காக ஊர்விட்டு ஊர் போனவர்கள் அதே பதற்றத்தோடு இதையும் அணுகுவதைப் பார்க்கிறேன். அங்கே அந்தப் பதற்றம் நியாயம். முழு சூரிய கிரகணம் தெரியும் பாதை குறுகலானது, முழுமை நீடிப்பது அதிகபட்சம் ஏழரை நிமிடம், அந்த நேரத்தில் ஒரு மேகம் குறுக்கே வந்தால் எல்லாம் போச்சு. சந்திர கிரகணத்தின் கணக்கே வேறு. அந்த நேரத்தில் நிலா யாருக்கெல்லாம் தெரிகிறதோ, அந்தப் பாதி உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் கிரகணத்தைப் பார்க்கும். பூமியின் கருநிழல், அதாவது நிழலின் இருண்ட நடுப்பகுதி, நிலாவைத் தொட்டதிலிருந்து முழுதாக மூடுவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். முழுமை சில நிமிடங்களும் இருக்கலாம், ஒன்றே முக்கால் மணி நேரமும் இருக்கலாம். வெளியே வர இன்னொரு மணி நேரம். ஆக, கிளம்புபவர் எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகலாம், காத்திருப்பவருக்கும் நேரம் தாராளமாக இருக்கிறது. நாம் தேர்ந்தெடுக்கப்போகும் இரண்டு வழிகளுமே கைகொடுக்கக்கூடியவை என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பதற்றம் குறையும்.

சதவீதத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது

செயலி “50 சதவீத மேகம்” என்று காட்டுகிறது. இதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். சிறுசிறு திரள் மேகங்கள் வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நகர்ந்துகொண்டிருக்கலாம். அல்லது, ஒரு பெரிய மேகப் போர்வை உங்கள் ஊரை மூடுமா மூடாதா என்று வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லாமல் இருக்கலாம். முதல் வகையில் நீங்கள் கிரகணத்தை நிச்சயம் பார்த்துவிடுவீர்கள், துண்டு துண்டாக. இரண்டாவது வகையில் எல்லாம் கிடைக்கும், அல்லது எதுவும் கிடைக்காது. ஒரே எண்தான், ஆனால் ஒன்றில் வீட்டில் இருப்பது புத்திசாலித்தனம், மற்றதில் வண்டிக்கு எரிபொருள் நிரப்பி வைப்பது புத்திசாலித்தனம்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் மாதிரி, அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டும் தளங்களில், தாழ்ந்த மேகம், நடு உயர மேகம், உயர மேகம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். மொத்தச் சதவீதத்தை விட்டுவிட்டு இந்த மூன்றையும் பாருங்கள். இரண்டு மாதிரிகளும் ஒரே படத்தைக் காட்டினால் நம்பலாம். முரண்பட்டால் முடிவைத் தள்ளிப்போடலாம். ஒரு வாரத்துக்கு முன்பே மேகத்தைப் பற்றி வரும் கணிப்பை வைத்து மனம் நொந்துபோக வேண்டாம். வெப்பநிலையைவிட மேகத்தைக் கணிப்பது கடினம். கடைசி இரண்டு நாள் கணிப்புக்குத்தான் மதிப்பு, கடைசி ஆறு மணி நேரத்தில் செயற்கைக்கோள் படத்துக்கு அதைவிட மதிப்பு.

இனி வகைகளுக்கு வருவோம். பகலில் வெயில் தரையைச் சூடாக்குவதால் எழும் சாதாரணத் திரள் மேகங்கள், சூரியன் மறைந்ததும் தங்களைத் தூக்கி நிறுத்திய வெப்பத்தை இழந்துவிடும். மாலை ஐந்து மணிக்கு வானம் பஞ்சுப்பொதியாக இருந்தாலும் ஒன்பது, பத்து மணிக்குத் தெளிந்துவிட வாய்ப்பு அதிகம். மாலை வானத்தைப் பார்த்துவிட்டு நம்பிக்கை இழந்து படுத்துவிடுபவர்கள் பெரும்பாலும் இந்த மேகத்தால்தான் ஏமாறுகிறார்கள். அதுவே வளர்ந்து இடிமேகமாகிவிட்டால் கதை வேறு. இடிமழை ஓய்ந்த பிறகும் அதன் உச்சியில் கொல்லனின் பட்டடைக்கல் போல் தட்டையாக விரிந்த பனித்துகள் மேகம் பல மணி நேரம் வானத்தில் தங்கும். நள்ளிரவு வரைகூட அது கலையாமல் நிலாவை மறைப்பதுண்டு.

உயரத்தில் மெல்லியதாகப் பரவும் கீற்று மேகத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. முழுநிலவு அதன் வழியாகவும் பளிச்சென்று தெரிவதால் வரும் அலட்சியம் அது. முழுமை தொடங்கியதும்தான் வேறுபாடு தெரியும். முழு கிரகணத்தில் நிலா சிவந்து, அதன் ஒளி பத்தாயிரம் மடங்கோ அதற்கு மேலோ குறைந்துபோகிறது. கிரகணத்துக்கு முன் வெறும் ஒளிவட்டம் போட்ட அதே மெல்லிய மேகம், செந்நிலவைக் கலங்கலான ஒரு திட்டாக மாற்றிவிடும். ஊர் விளக்குகளின் வெளிச்சம் அந்த மேகத்தில் பட்டுத் திரும்பினால் இன்னும் மோசம். பெரிய எரிமலை வெடித்தால் அதன் துகள்கள் வளிமண்டலத்தில் தங்கிக் கிரகண நிலாவை இன்னும் இருட்டாக்கும் என்பதால், அடுத்த ஓரிரு ஆண்டுக்குள் வரும் கிரகணத்தில் இது கூடுதல் கவனம் கேட்கும். இந்தோனேசியாவின் ஆகுங் 1963-ல் வெடித்தபின் அதே ஆண்டு டிசம்பரில் வந்த கிரகணமும், பிலிப்பைன்ஸின் பினாடுபோ 1991-ல் வெடித்தபின் 1992 டிசம்பரில் வந்த கிரகணமும் மிக இருண்டவை. அப்படிப்பட்ட இரவில் மெல்லிய மேகமும் முழு மேகத்துக்குச் சமம்.

மூன்றாவது, தாழ்வாகத் தட்டையாகப் பரவும் படை மேகமும் மூடுபனியும். காற்றில்லாத, தெளிவான இரவிலேயே தரை குளிர்ந்து இவை உருவாகும். இரவு பத்து மணிக்கு நட்சத்திரம் கொட்டிக் கிடந்த பள்ளத்தாக்கு, அதிகாலை நான்கு மணிக்கு வெண்மையாக மூடிக்கிடக்கும். விடியலை ஒட்டி வரும் கிரகணத்துக்கு இதுதான் முதல் எதிரி. மாலை வானம் தெளிவு என்பதை நம்பி அலாரம் வைத்துத் தூங்குவதற்கு முன், இடம் பள்ளமா மேடா என்று யோசித்துக்கொள்ள வேண்டும்.

காத்திருப்பதன் பலம்

மேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோமீட்டர் அகலமான ஓர் இடைவெளி நிலாவுக்கு முன்னால் வந்தால் நான்கு நிமிடம் கிடைக்கும். மூன்றரை மணி நேரத்தில் இப்படி எத்தனை இடைவெளிகள் வரும் என்று பாருங்கள். 2018 ஜூலை 27 கிரகணத்தில் முழுமை மட்டுமே 103 நிமிடம். அப்படியொரு கிரகணத்தில் சிதறிய மேகத்துக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடத் தேவையே இல்லை. நேர்மாறான உதாரணம் 2015 ஏப்ரல் 4. அன்று முழுமை சுமார் ஐந்து நிமிடம்தான். ஐந்து நிமிடத்துக்கு இடைவெளியை நம்பி உட்கார முடியாது, தெளிந்த வானத்தைத் தேடிப் போவதுதான் முறை. முழுமையின் நீளத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

துண்டு துண்டாகப் பார்ப்பதில் என்ன சுகம் என்று கேட்கலாம். என்னைக் கேட்டால் நிறையவே உண்டு. ஒவ்வோர் இடைவெளியிலும் நிழலின் விளிம்பு முன்பைவிட உள்ளே தள்ளி நிற்கும். அந்த விளிம்பு எப்போதும் வளைவாகவே இருப்பதைக் காட்டித்தான் அரிஸ்டாட்டில் பூமி உருண்டை என்று வாதிட்டார். அதே சான்றை நம் கண்ணால் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். கையில் பைனாகுலர் இருந்தால் முழுமை தொடங்கும் முன்னும் முடிந்த உடனும் கருநிழலின் ஓரத்தைக் கவனியுங்கள். சிவப்புக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் மெல்லிய நீலப்பச்சைப் பட்டை தெரியும். மேல் வளிமண்டலத்தின் ஓசோன் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை விட்டுவிடுவதால் வரும் நிறம் அது. பிறகு நிலா எவ்வளவு இருட்டு என்பதை டான்ஜான் அளவுகோலில் 0 முதல் 4 வரை மதிப்பிட்டுப் பார்க்கலாம். கிட்டத்தட்டக் கண்ணுக்கே தெரியாத நிலா 0, பளிச்சென்ற செம்பு நிறம் 4. பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே டான்ஜான் வகுத்த இந்த அளவுக்கு வெறும் கண்ணே போதும். வழியில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு இதில் எதுவும் கிடைக்காது.

காத்திருப்பது தோற்கும் இடம் ஒன்று உண்டு: நிலா தாழ்வாக இருக்கும்போது. தலைக்கு மேல் பார்த்தால் மேகங்களுக்கு நடுவே இடைவெளி தெரியும். அடிவானத்தை நோக்கிப் பார்த்தால் அதே மேகங்களின் பக்கச் சுவர்கள் ஒன்றை ஒன்று மறைத்து இடைவெளியே இல்லாத மாதிரி ஆகிவிடும். 40 சதவீத மேகம் அங்கே முழு மூட்டமாகத் தெரியும். நிலா உதிக்கும்போதே கிரகணத்தில் இருந்தால் தூசியும் அந்தி வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும். மங்கிய நிலா எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே சிரமம். அந்த மாதிரி இரவில் ஊருக்குள் இருப்பதைவிட அடிவானம் திறந்திருக்கும் இடத்துக்குப் போய்விடுவது நல்லது, மேகம் சிறிதாக இருந்தாலும்கூட.

வண்டி எடுக்கும் இரவு

மேகப் போர்வை பெரியது, அதன் ஓரம் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அது வேகமாக நகரவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் கிளம்புங்கள். ஓரம் முந்நூறு, நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் நான் போகமாட்டேன். இரவு முழுக்கக் கண் விழித்துவிட்டு அதே தூரம் திரும்பி ஓட்டி வரவேண்டும் என்பதை யாரும் முதலில் கணக்கில் எடுப்பதில்லை. கிரகணத்தைவிட உயிர் பெரிது.

திசையை முடிவு செய்ய, அரை மணி நேரத்துக்கு ஒரு படமாவது தரும் செயற்கைக்கோள் படத்தொகுப்பை ஓடவிட்டுப் பாருங்கள். ஜப்பானின் ஹிமாவாரி தன் பார்வைக்குள் இருக்கும் முழு வட்டத்தையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கிறது. அமெரிக்காவின் கோஸ், ஐரோப்பாவின் மீட்டியோசாட், இந்தியாவின் இன்சாட் என்று உலகின் எல்லாப் பகுதிக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. மேகம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக, அதன் பின் ஓரத்தை எதிர்கொள்ளப் போக வேண்டும். அப்போது நீங்களும் தெளிந்த வானமும் ஒன்றையொன்று நோக்கி நகர்வீர்கள். மேகத்துக்கு முன்னால் ஓடினால் அது உங்களைத் துரத்திக்கொண்டே வரும். காற்று மலைத்தொடரைக் கடந்து இறங்கும் பக்கமும் நல்ல தேர்வு, இறங்கும் காற்று சூடாகி மேகத்தைக் கரைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இரவில் கிடைப்பது அகச்சிவப்புப் படம். அது மேகத்தின் குளிர்ச்சியைத்தான் பார்க்கிறது. உயரத்தில் இருக்கும் பனித்துகள் மேகம் அதில் பளீரென்று தெரியும், தரைக்கு அருகே இருக்கும் மூடுபனியின் வெப்பநிலை தரையை ஒட்டியே இருப்பதால் தெரியாமலே போகலாம். படத்தில் கறுப்பாக, தெளிவாகத் தெரியும் இடத்துக்கு ஆசையோடு போய்ச் சேர்ந்தால் அங்கே பனிமூட்டம் நிற்கும். இதைத் தவிர்க்க விமான நிலைய வானிலை அறிக்கைகளைப் பாருங்கள். வானத்தின் எட்டில் எத்தனை பங்கு மேகம், அதன் அடி எத்தனை அடி உயரத்தில் என்பதெல்லாம் அவற்றில் மணிக்கு ஒருமுறையாவது வரும். கிளம்பும் நேரமும் முக்கியம். கருநிழல் தொடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கிரகணம் தொடங்கிய பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் தெளிவாக இருக்குமோ என்று ஓட ஆரம்பித்தால் மிச்சமிருக்கும் நேரமும் சாலையில்தான் கழியும்.

மலை ஏறுவது இதன் ஒரு கிளை, ஆனால் பலர் தவறான இரவில் ஏறுகிறார்கள். உயரே காற்று கீழே உள்ளதைவிட வெதுவெதுப்பாக ஒரு மூடிபோல் அமர்ந்து, அதற்குக் கீழே மேகம் அடைபட்டுக் கிடக்கும் இரவுகளில் மலை ஓர் அற்புதம். கேனரித் தீவுகளின் லா பால்மாவில் சுமார் 2,400 மீட்டர் உயரத்திலும், ஹவாயின் மௌனா கேயாவில் சுமார் 4,200 மீட்டர் உயரத்திலும் பெரிய தொலைநோக்கிகளை வைத்திருப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இது. மேகக் கடல் கீழே, வானம் மேலே. ஆனால் ஈரக்காற்று மலையில் மோதி ஏறிக்கொண்டிருக்கும் இரவில் மலையே மேகத்தை உண்டாக்கும். சமவெளியில் தெளிவாக இருக்கும்போது உச்சி மட்டும் மூடிக்கிடக்கும். மேலே நேரலைக் கேமரா ஏதாவது இருந்தால் அதைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். காற்றில்லாத, மூடுபனி பிடிக்கும் இரவு என்றால் மலை. காற்று வீசும் ஈரமான இரவு என்றால் சமவெளி.

தூரப் பயணமும் நேரலையும்

சந்திர கிரகணத்துக்காகவே நாடு கடந்து போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிலியின் பரனால் ஆய்வகம் இருக்கும் பாலைவனத்தில் ஆண்டுக்கு 300-க்கும் மேற்பட்ட இரவுகள் தெளிவானவை. ஆசை வரத்தான் செய்யும். ஆனால் பாதி உலகத்துக்கும் ஒரே நேரத்தில் தெரியும் ஒன்றை, பத்து ஆண்டுக்குள் பலமுறை வீட்டிலிருந்தே பார்க்க முடியும் ஒன்றை, அவ்வளவு செலவில் துரத்த வேண்டியதில்லை. வேறு காரணத்துக்குப் போகும் பயணத்தைக் கிரகணத் தேதியோடு பொருத்திக்கொள்ள முடிந்தால் மட்டும் அருமை.

நேரலையைப் பலர் தோல்வியாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2019 ஜனவரி 21 கிரகணத்தின்போது ஒரு விண்கல் நிலாவில் மோதிச் சட்டென ஒரு ஒளிப்புள்ளி தோன்றியது. நிலாவில் விண்கல் மோதல்களைக் கண்காணிக்கும் ஸ்பெயினின் மிடாஸ் தொலைநோக்கிகள் அதைப் பதிவு செய்தன, நேரலையில் ஓடிக்கொண்டிருந்த பல காணொளிகளிலும் அது பதிவாகியிருந்தது. வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் நேரலைப் படத்தின் சிவப்பை அப்படியே நம்ப வேண்டாம். கேமரா நீண்ட நேரம் ஒளியைச் சேர்ப்பதால் நிறம் தூக்கலாகத் தெரியும், கண்ணுக்கு நிலா அதைவிட மங்கலாகத்தான் இருக்கும். அப்புறம், கிரகண நேரத்தில் சுற்றிலும் இருட்டு கூடுவது, அதுவரை நிலா வெளிச்சத்தில் ஒளிந்திருந்த நட்சத்திரங்கள் வெளியே வருவது, இவை திரையில் கிடைக்காது. மேகம் மூடிய ஊரில் நேரலையை ஓடவிட்டுக்கொண்டே அவ்வப்போது வெளியே வந்து வானத்தைப் பார்ப்பதுதான் நல்ல வழி. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யார் சொன்னது?

அடுத்ததற்கு விட்டுவிடுவதற்கு முன், அடுத்தது எப்போது என்று பார்த்துவிடுங்கள். 2026 மார்ச் 3 கிரகணத்துக்குப் பிறகு அடுத்த முழு சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31 அன்றுதான். நடுவில் 2026 ஆகஸ்ட் 28 அன்று நிலாவின் விட்டத்தில் 93 சதவீதம் கருநிழலுக்குள் போகும். 2027-ல் வருபவை எல்லாம் நிழலின் மங்கலான வெளிப்பகுதி மட்டும் படும் புறநிழல் கிரகணங்கள், கண்ணுக்கு அதிகம் தெரியாதவை. ஆகவே, இடைவெளி நீளும் காலத்தில் வரும் கிரகணத்துக்கு வண்டி எடுப்பதில் தயக்கம் வேண்டாம், கிரகணங்கள் நெருக்கமாக வரும் காலத்தில் மாடியிலேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம்.

2028 டிசம்பர் 31 கிரகணத்தின் முழுமை 71 நிமிடம். ஆசியாவில் பெரும்பகுதிக்கு இரவு நேரத்தில் நிலா நல்ல உயரத்தில் இருக்கும், சிதறிய மேகம் என்றால் வீட்டிலேயே இருக்கலாம். மேற்கு ஐரோப்பாவில் அது நிலா உதயத்தை ஒட்டி வருவதால் கிழக்கு அடிவானம் திறந்திருக்கும் இடத்தை முன்பே பார்த்துவைக்க வேண்டும். 2029 ஜூன் 26 கிரகணத்தின் முழுமை 102 நிமிடம். நேரம் தாராளம் என்றாலும் ஜூன் மாத முழுநிலவு வட அமெரிக்காவில் தாழ்வாகவே போகும், அதனால் தெற்கே கட்டடமும் மரமும் மறைக்காத இடம் வேண்டும். 2029 டிசம்பர் 20 இரவு வருவதில் முழுமை 54 நிமிடம்தான், ஆனால் வட அரைக்கோளத்தில் டிசம்பர் நிலா உச்சிக்கு அருகே ஏறும் என்பதால் சிதறிய திரள் மேகத்தால் பெரிய நஷ்டம் வராது. கீற்று மேகமோ படை மேகமோ விரிந்து பரவும் என்று முந்தைய நாள் தெரிந்தால் அன்று மட்டும் வண்டியை எடுக்கலாம்.